லாரிக்குப் பார்த்த வைத்தியம்

என் வீட்டுக்காரருக்கு இடுப்பு வலி வந்த வருஷம் பழி முழுக்க லாரி மேல் விழுந்தது. "வண்டி தூக்கித் தூக்கிப் போடுதுமே, ஆள் தாங்குமா?" என்பார். யாரைக் கேட்டாலும் தாங்காது என்றுதான் சொன்னார்கள். நானும் ஆடியிலிருந்து தை வரைக்கும் அதை அப்படியே நம்பினேன்.

லாரி அப்படிப்பட்டதுதான். யுத்தத்தில் ஓடிய வண்டி. சண்டை முடிந்ததும் மிலிட்டரிக்காரன் கழித்துப் போட்டதை ஒருவர் ஏலத்தில் எடுத்து, ஓட்டி அலுத்து, எங்கள் தலையில் கட்டினார். என் கழுத்தில் கிடந்தது, காதில் கிடந்தது எல்லாம் அதற்குள்தான் போயிற்று. அதனால் அதில் பாதி என்னுடையது என்று நான் சொல்லுவேன். சிரித்துக்கொண்டு சொன்னாலும் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எண்ணூர் உப்பளத்தில் உப்பு மூட்டை ஏற்றி, திருவொற்றியூர், தண்டையார்பேட்டை வழியாக ராயபுரம் கூட்ஸ் யார்டில் இறக்க வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு நடை. பாதி ரோடு கடலை ஒட்டியே போகும். அலை பெரிதாக வருகிற மாசங்களில் ரோடு எது, பள்ளம் எது என்று தெரியாது.

காலையில் புறப்படுவதற்கு முன்னால் ஒரு எட்டு முழ வேட்டியை நாலாக மடித்து இடுப்பில் சுற்றிக்கொள்வார். ஒரு முனையை நான் கதவோரம் நின்று இழுத்துப் பிடிக்க வேண்டும். அவர் சுற்றிச் சுற்றி வந்து என் பக்கத்தில் சேருவார். உள்ளே குடல் குலுங்காமல் இருக்க லாரி ஓட்டுகிற எல்லோரும் செய்கிற காரியம்தான். முன்பெல்லாம் "போதும்மே, மூச்சு முட்டுது" என்று சிரிப்பார். அந்த வருஷம் "இன்னும் இறுக்கு, இன்னும் இறுக்கு" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். இடது பக்கம் என் கை பட்டால் மட்டும் சுருக்கென்று நகர்ந்துகொள்வார்.

எனக்கு வாய் அதிகம் என்று எங்கள் தெருவில் பேர். பொய்யில்லை. ஒரு நாள் சாப்பாட்டுக்கு முன்னால் தட்டை வைக்காமலே கேட்டேன்.

"பெரியாஸ்பத்திரிக்குப் போய்ட்டு வரலாம் வாய்யா."

"இன்னாத்துக்கு? வண்டி சரியானா இடுப்பு தானா சரியாப் பூடும். டாக்டருக்கு இன்னா, ஷாக் மாட்டத் தெரியுமா?"

"அப்ப ஷாக்கையே மாத்து."

"மாத்தலாம், மாத்தலாம். நீ மொதல்ல சோத்தப் போடு."

இந்த 'மாத்தலாம்' எனக்குத் தெரியும். கூரை மாற்றலாம் என்று சொல்லி மூன்று மழை நனைந்த வீடு எங்களுடையது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். இந்த ஷாக் மாறாமல் நான் ஓய்வதில்லை. மாறிய பிறகு இவர் வலி என்று ஒரு வார்த்தை சொன்னால் அப்போது பார்த்துக்கொள்கிறேன்.

ஷாக் அப்சார்பர் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது. எங்கள் தெருவிலேயே ஒரு மேஸ்திரி குடியிருந்தார். பெரம்பூரில் ரயில் பெட்டி வேலை. அதற்கு முன்னால் யுத்தத்தில் பர்மா எல்லை வரைக்கும் போய் இதே மாதிரி லாரிகளைப் பழுது பார்த்தவர். மனுஷரைப் பார்த்துப் பேச மாட்டார், வண்டியைப் பார்த்தே பேசுவார். அவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டி வந்தேன். வீட்டுக்காரர் முகம் கொடுக்காமல் பீடி பிடித்துக்கொண்டு நின்றார்.

மேஸ்திரி வண்டிக்கு அடியில் குனிந்து என்னையும் குனியச் சொன்னார். ஒவ்வொரு சக்கரத்துக்குப் பக்கத்திலும் சட்டத்தோடு சேர்த்து முடுக்கிய ஒரு இரும்புக் குடுவை. அதிலிருந்து ஒரு கை நீண்டு கீழே அச்சோடு சேர்ந்திருந்தது. குடுவைக்குள்ளே எண்ணெய். சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் கை அசையும், உள்ளே எண்ணெய் நெருக்கடியில் மாட்டிக்கொண்டு அந்தக் கையை வேகமாக ஓட விடாது. அவ்வளவுதான் ஷாக். அவர் ஒன்றின் இணைப்பைக் கழற்றிவிட்டு, "இஸ்துப் பாரும்மா" என்றார். ஒரு விரலால் இழுத்தேன். வந்தது.

"சும்மா வருதே அண்ணே."

"சும்மா வரக் கூடாது. உன்னோட மல்லுக்கட்டணும். நாலும் பொணமாக் கீது."

வேறொன்றும் சொன்னார். அதைக் கேட்டபோதுதான் வீட்டுக்காரர் பீடியைக் கீழே போட்டார். வண்டியின் பாரத்தைத் தாங்குவது பட்டை பட்டையாக அடுக்கிய ஸ்பிரிங். எங்கள் பக்கத்தில் லாரி வாங்கியவன் கோயிலுக்குப் போவதற்கு முன்னால் கொல்லன் பட்டறைக்குப் போவான். கம்பெனிக்காரன் வைத்த பட்டைக்கு மேல் ஒன்றோ இரண்டோ அடித்துச் சேர்த்து, சேர்த்த பட்டைக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கிய பிறகுதான் வண்டி அவனுடையது ஆகும். 'எத்தினி பட்டை போட்டுக் கீறே?' என்பதுதான் டிரைவருக்கு டிரைவர் கேட்கிற முதல் கேள்வி. இவர் பின்னால் பக்கத்துக்கு இரண்டு போட்டிருந்தார். அதைச் சொல்லும்போது நெஞ்சு நிமிரும். மேஸ்திரி சொன்னது, அந்த இரண்டையும் உருவி எடுக்காமல் ஷாக் மாட்டுவது வெட்டி வேலை என்று. பலகை மாதிரி விறைத்து நிற்கிற ஸ்பிரிங்கை எந்த ஷாக்காலும் ஒன்றும் செய்ய முடியாதாம்.

"பட்டைல கைய வெச்சா கைய ஒடிப்பேன்" என்றார் இவர். மேஸ்திரி வண்டிக்குப் பதில் சொல்லுகிற மாதிரி ஏதோ முனகிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

அடுத்த நாள் இவராக ஒரு வைத்தியம் செய்தார். எங்கள் கடற்கரைக்காரர்களுக்கு மட்டும்தான் அந்தப் புத்தி வரும். மரத்தை நீர் அரிக்காமல் இருக்கப் படகுக்குச் சுறா எண்ணெய் பூசுவார்கள். மாட்டுக்குப் புண் வந்தால் அதுதான், கதவுக் கீல் கத்தினால் அதுதான். ராயபுரம் கரையிலிருந்து ஒரு தகர டின் நிறைய வாங்கி வந்து, நாலு குடுவையிலும் ஊற்றி மூடிவிட்டார். "எண்ணெதானே இல்ல? எண்ணெ ஊத்திட்டேன். இன்னாத்துக்குப் புதுசு?"

நாலு நாள் வண்டி நன்றாகத்தான் ஓடியது. சுறா எண்ணெய் கெட்டியாக இருந்து பிடித்திருக்க வேண்டும். வாசலில் இறங்கும்போதே, "பாத்தியா?" என்பார். "வலி போச்சா?" என்று கேட்டேன். "போயே போச்சு" என்றார். அதைச் சொல்லிவிட்டுச் சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு செருப்பைக் கழற்றினார். நான் பார்த்தேன். பார்த்தும் என்ன, செருப்புதானே என்று விட்டுவிட்டேன்.

ஐந்தாம் நாள் குடுவைகள் ஒழுக ஆரம்பித்தன. காலையில் போய்ப் பார்த்தால் லாரிக்கு அடியில் ஏழெட்டுப் பூனைகள். விரட்டினால் போகவில்லை. வண்டி புறப்பட்டபோது பின்னாலேயே தெருமுனை வரைக்கும் ஓடின. அது கூடப் பரவாயில்லை. கூட்ஸ் யார்டில் மூட்டை எண்ணுகிற குமாஸ்தா உப்பை முகர்ந்து பார்த்து, இது உப்பா கருவாடா என்று கேட்டு, ஒரு லோடையே திருப்பி அனுப்பிவிட்டார். இவர் வந்து தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், எரிச்சல் ஒரு பக்கம். "ஒயுங்கா சொன்னப்போ கேட்டியா? இப்ப ஊர்ப் பூனையெல்லாம் உன் தோஸ்து" என்றேன். அன்றைக்கு அவர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் சமயம் என்று மறுநாளே கிளம்பிவிட்டேன்.

வண்ணாரப்பேட்டையில் ஒரு பாய் மிலிட்டரி இரும்பு வியாபாரம் செய்தார். முள்கம்பிச் சுருள், தலைக் கவசம், லாரிக் கதவு, ஜீப்பின் மூஞ்சி எல்லாம் மலையாகக் குவிந்து கிடக்கும். நிதானமான மனுஷர். என்னைப் பார்த்ததும் ஒரு முக்காலியைத் துடைத்துப் போட்டார்.

"வூட்டுக்காரர அனுப்பும்மா. இது பொம்பளைங்க பாக்கற சாமான் இல்ல."

"அவரு வர மாட்டாரு பாய். அதான் நான் வந்து கீறேன். மிலிட்டரி லாரி ஷாக் எங்க குவிச்சு வெச்சிருக்கே, அத்தக் காட்டு."

பாய் ஒரு மூலையைக் காட்டினார். அங்கே அதே மாதிரிக் குடுவைகள், சேறும் துருவுமாக, ஒன்றின் கை ஒன்றில் மாட்டிக்கொண்டு கிடந்தன. புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு உட்கார்ந்தேன். மேஸ்திரி சொன்னது ஒன்றே ஒன்றுதான் எனக்குத் தெரியும், மல்லுக்கட்ட வேண்டும். ஒவ்வொன்றாக எடுத்து, குடுவையைக் காலால் மிதித்துக்கொண்டு, கையை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தேன். தொளதொளவென்று வந்ததைப் பின்னால் வீசினேன். அசையவே அசையாததையும் வீசினேன். சந்தையில் கத்திரிக்காய் பொறுக்குகிற மாதிரிதான். என்ன, ஒவ்வொரு காயும் நாலு படி அரிசி கனம். வெயில் தலைக்கு மேல் வந்துவிட்டது. உள்ளங்கை இரண்டும் கொப்புளித்துவிட்டன. கடைசியில் நாலு அகப்பட்டன. இழுத்தால் வரமாட்டேன், வரமாட்டேன் என்று சண்டை பிடித்து, மெதுவாக வந்து, விட்டதும் அங்கேயே நின்றன. எனக்கு அப்போது வந்த சந்தோஷம் இருக்கிறதே, தாலி கட்டின அன்றைக்குக் கூட அப்படி வரவில்லை.

கைரிக்ஷாவில் போட்டுக்கொண்டு வந்து மேஸ்திரி வீட்டு வாசலில் இறக்கினேன். அவர் நாலையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இழுத்துப் பார்த்துத் தலையை ஆட்டினார். பிறகு சொன்னார்.

"நல்லாத்தான் பொறுக்கிக் கீறே. ஆனா மூணு வலது, ஒண்ணு இடது."

எனக்குப் புரியவில்லை. இடது பக்கக் குடுவையின் கை ஒரு பக்கமும் வலது பக்கத்தின் கை மறுபக்கமும் பார்த்து நிற்குமாம். மாற்றி மாட்டினால் பிடிக்க வேண்டிய நேரத்தில் விட்டு, விட வேண்டிய நேரத்தில் பிடிக்குமாம். இரண்டு இடது, இரண்டு வலது வேண்டும். நான் வலுவை மட்டும் பார்த்தேனே தவிர, கை எந்தப் பக்கம் என்று பார்க்கவில்லை. அழுதுவிடுவேனோ என்று பயந்து, ஒரு வலதைத் தூக்கிக்கொண்டு வந்த ரிக்ஷாவிலேயே திரும்பினேன்.

"நீ முன்னாடியே சொல்லக் கூடாதா பாய்?" என்று வாசலிலேயே ஆரம்பித்தேன்.

"நீ இருந்த கோவத்துல வாயத் தொறக்கப் பயமா இருந்துச்சும்மா" என்றார். சொல்லிவிட்டு அவரே உட்கார்ந்து என்னோடு தேடினார். இருட்டுவதற்குள் ஒரு நல்ல இடது கிடைத்தது. என் கொப்புளத்தைப் பார்த்துவிட்டு, உள்ளே போய்க் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாட்டுவது என்று முடிவாயிற்று. பழையதைக் கழற்றுவதுதான் பெரிய பாடு. வருஷக்கணக்கில் உப்பு மூட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிச் சொட்டி ஒவ்வொரு போல்ட்டும் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வியாழக்கிழமையிலிருந்தே காலையும் மாலையும் ஒரு கிண்ணத்தில் மண்ணெண்ணெய் எடுத்துக்கொண்டு போய்ச் சாமிக்கு ஊற்றுகிற மாதிரி எட்டு போல்ட்டுக்கும் ஊற்றினேன். அப்படியும் ஞாயிறு காலையில் ஐந்துதான் கழன்றன. இரண்டை மேஸ்திரி சூடு காட்டிக் கழற்றினார். ஒன்று கழுத்தோடு முறிந்தது. அதை உளியால் வெட்டி எடுக்கவே ஒரு மணி நேரம் போயிற்று.

நாலும் கழன்ற பிறகு மேஸ்திரி எழுந்து நின்று கையைத் துடைத்தார். "இப்ப பட்டை. பக்கத்துக்கு ரெண்டு. எடுக்கறதுன்னா நிக்கறேன், இல்லாட்டி நான் பூட்டு வரேன்."

இவர் வண்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். "பட்டைய எடுத்தா ஸ்டாண்டுல சிரிப்பானுங்க."

"சிரிக்கறவன் வந்து உன் இடுப்ப வாங்கிக்குவானா?" என்றேன். "நீ வலிலே முக்கறது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுகினு கீறியா? காலைல எழுந்திருக்கறதுக்கு எத்தினி நேரம் குந்திகினு கீறே, எனக்குத் தெரியும். எனக்கு நீ வேணும். பட்டை வேணாம்."

தெருவில் நாலு பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கட்டும். இவர் தானே குனிந்து பெரிய ஸ்பேனரை எடுத்து மேஸ்திரி கையில் கொடுத்தார்.

பட்டைகள் வெளியே வந்தன. நான் வைத்த குங்குமம் இன்னும் ஒன்றில் கறுத்து ஒட்டியிருந்தது. அதற்குள் மேஸ்திரி எனக்கு ஒரு வேலை கொடுத்தார். புது ஷாக்கை அப்படியே மாட்டக் கூடாது. உள்ளே காற்று இருந்தால் எண்ணெய் பிடிக்காது. ஒவ்வொன்றையும் பலகையில் பொருத்திய இடுக்கியில் முடுக்கி நிறுத்தி, பழைய எண்ணெயைக் கொட்டிவிட்டு மெல்லிய எண்ணெயை ஊற்றி, கையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். களக் களக்கென்று குமிழி வரும். குமிழி நிற்கிற வரைக்கும் ஊற்றி ஊற்றி ஆட்ட வேண்டும். "போதுமா?" என்றால், "சத்தம் நிக்கட்டும்" என்பார். நாலையும் நான்தான் ஆட்டினேன். தோள்பட்டை கழன்று விழுந்துவிடும் போல இருந்தது, ஆனாலும் யாரிடமும் கொடுக்க மனமில்லை.

சாயங்காலம் கடைசி ஷாக்கை மாட்ட இவர் வண்டிக்கு அடியில் படுத்தார். வெகு நேரம் சத்தமே இல்லை. குனிந்து பார்த்தேன். மல்லாந்து கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார்.

"இன்னாய்யா?"

"நட்டு எங்கேன்னு பாக்கறேன்."

நட்டு அவர் கையிலேயே இருந்தது. வேலை செய்த அசதி என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைக்கத்தான் எனக்கு ஆசையாக இருந்தது.

திங்கட்கிழமை முதல் நடைக்கு நானும் வருகிறேன் என்றேன். "லாரில பொம்பள குந்திகினு வந்தா பேஜாருமே" என்றார். "ஷாக்கைப் பொறுக்கினவ நான். பாக்காம விட மாட்டேன்" என்று ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

வண்டி ஓடியதை என்ன சொல்ல. முன்பெல்லாம் காலி வண்டி ஒரு பள்ளத்துக்கு நாலு தரம் குதிக்கும், கூரையில் தலை இடிக்கும். இப்போது ஒரு தரம் இறங்கி ஏறியது, அவ்வளவுதான், அடங்கிவிட்டது. திருவொற்றியூர் தாண்டிக் கடல் அரித்த இடத்தில் வேண்டுமென்றே பள்ளத்தில் விடச் சொன்னேன். விட்டார். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். "படா மெத்தையாக் கீது" என்றார். உப்பளத்தில் மூட்டை ஏற்றினார்கள். எப்போதும் ஏற்றுவதில் ஆறு மூட்டை குறைத்துத்தான் ஏற்ற முடிந்தது. அதற்குக் கூட அவர் முணுமுணுக்கவில்லை.

திரும்பி வரும்போது ரோடு போட்டு ஒரு மாசம் கூட ஆகாத இடம் ஒன்று வந்தது. புதுத் தார், கண்ணாடி மாதிரி. வண்டி பாரத்தோடு சும்மா மிதந்துகொண்டு போயிற்று. நான் சந்தோஷமாக அவர் பக்கம் திரும்பினேன்.

அவர் முகத்திலிருந்து வேர்வை சொட்டிக்கொண்டிருந்தது. உதட்டைப் பல்லால் கடித்திருந்தார். ஸ்டியரிங்கைப் பிடித்த விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. ரோட்டில் ஒரு கல் இல்லை, ஒரு குழி இல்லை. வண்டியில் ஆட்டம் என்று எதுவுமே இல்லை. இனிமேல் பழி போட எங்களுக்கு லாரி இல்லை என்பது அந்த நிமிஷம் எனக்கு உறைத்தது.

"வண்டிய நிறுத்து" என்றேன்.

ஓரமாக நிறுத்தினார். எஞ்சினை அணைக்கவில்லை. பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"ஒண்ணுக்குப் போனா ரத்தமா வருதுமே."

"எத்தினி நாளா?"

"தீவாளிக்கு முன்னாடியேர்ந்து."

எனக்கு அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. நிஜமாகவே கையை ஓங்கிவிட்டேன். "அப்பால ஏன்யா வண்டி, வண்டின்னு என்னை டபாய்ச்சே?"

"வண்டின்னே இருக்கட்டும்னு பாத்தேன்" என்றார். "எங்கப்பனை அந்த ஆஸ்பத்திரிக்கு நான்தான் ரிக்ஷாவுல இட்டுகினு போனேன். திரும்பி வரும்போது ரிக்ஷாவுல நான் மட்டும்தான் வந்தேன். எனக்குப் பயமாக் கீதுமே."

கல்யாணம் ஆகி ஒன்பது வருஷத்தில் அவர் வாயிலிருந்து பயம் என்ற வார்த்தையை அன்றைக்குத்தான் கேட்டேன். ஓங்கின கையை அவர் தோள் மேல் வைத்தேன். சட்டை நனைந்திருந்தது.

"எனக்கும் பயமாத்தான் கீது" என்றேன். "வண்டிய எடு. யார்டுக்கு வேணாம். பெரியாஸ்பத்திரிக்கு விடு."

"லோடு கீதே."

"உப்பு ஒண்ணும் அழுகிப் பூடாது. விடுய்யா."

விட்டார். ஆஸ்பத்திரி வாசலில் உப்பு லாரியை நிறுத்திவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்தார். படம் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். சின்ன வயசு டாக்டர் ஒருவர் வராந்தாவில் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். இடது குண்டிக்காயில், கிட்னி என்கிறார்களே, அதில் கல் அடைத்து, சீழ் பிடித்து, அது வீணாகவே போய்விட்டது. அறுத்து எடுக்க வேண்டும், நாளைக்கே. வலது நன்றாக இருக்கிறது. "இன்னும் ஒரு மாசம் விட்டிருந்தா எங்ககிட்ட கொண்டுவந்து பிரயோசனம் இல்லம்மா. இத்தனை நாள் என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

ஊரெல்லாம் அலைந்து, குப்பையில் உட்கார்ந்து, கை கொப்புளிக்கக் கொப்புளிக்க லாரிக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வந்தது. அந்த லாரி சரியாகாமல் இருந்திருந்தால் அவர் கடைசி வரைக்கும் அதன் மேலேயே பழியைப் போட்டுக்கொண்டு போய்ச் சேர்ந்திருப்பார். அது பிறகு யோசித்தபோது தோன்றியது. அன்றைக்கு அது எனக்கு ஆறுதலாக இல்லை.

அவர் பிழைத்தார். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், படிக்கிறவர்களைத் தவிக்க விடுவது எனக்குப் பிடிக்காத காரியம். ஆனால் அன்று மத்தியானம் அது எனக்குத் தெரியாது. அவரை வார்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பார்க்கிற நேரம் வரைக்கும் உள்ளே யாரும் இருக்கக் கூடாது என்று என்னை வெளியே அனுப்பினார்கள். வேறு எங்கே போவது என்று தெரியாமல் லாரியில் ஏறி உட்கார்ந்தேன். வாசல் காவல்காரர் வந்து கதவைத் தட்டினார்.

"இன்னாம்மா, உப்பு வண்டிய இங்க வெச்சுகினு? ஆம்புலன்ஸ் வர்ற எடம். எடு, எடு."

"எனக்கு ஓட்டத் தெரியாது."

"ஓட்டறவன் எங்க?"

"உள்ள கீறாரு."

"எப்ப வருவான்?"

எனக்குத் தெரியவில்லை.

"வருவாரு" என்றேன். "வேணும்னா ஆளுங்களை வெச்சு ஓரமாத் தள்ளிக்கோ. நான் எறங்க மாட்டேன். வண்டிய அவருதான் எடுப்பாரு."

காவல்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வாசலில் நின்ற ஏழெட்டு ரிக்ஷாக்காரர்களைக் கூப்பிட்டார். நான் உள்ளே உட்கார்ந்தபடியே இருக்க, ஒருவர் படியில் நின்று ஸ்டியரிங்கைத் திருப்ப, மற்றவர்கள் லாரியை மெள்ள மெள்ள மதில் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்கள்.